முள்ளுதான் தெரியுது, மீன் எங்கே?

இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் மாதம் தவறாமல் இப்படி ஒன்று இருக்கும்: "கதை எழுதி வெச்சிருக்கேன். மின்னூலா போடணும்னு ஆசை. அதுக்கு என்ன கோடிங் படிக்கணும்?" சமையல் குறிப்பு எழுதும் இல்லத்தரசி, ஓய்வுபெற்ற தமிழாசிரியர், கவிதை எழுதும் கல்லூரி மாணவி என்று எல்லாத் தரப்பிலிருந்தும் இது வருகிறது. 'கோடிங்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பயமும் உட்கார்ந்திருக்கும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்றும் படிக்க வேண்டாம். எழுதுகிறவர் எழுதிய பக்கத்தைப் பார்த்தபடியே திருத்தத்தான் ஆசைப்படுவார். அந்த ஆசைக்குச் சோம்பல் காரணமில்லை, அறியாமையும் காரணமில்லை. இதை எனக்குப் புரியவைத்தவர் எர்ணாவூரில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பெரியவர்.

எண்ணூர்த் தொழிற்சாலை ஒன்றில் முப்பத்துச் சொச்சம் வருஷம் லேத்தில் நின்றவர். அம்மா வழியில் தாழங்குப்பம். ஓய்வுபெற்ற பிறகு கோடு போட்ட நோட்டுகளில் எழுத ஆரம்பித்தார். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரம், கழிமுகத்தில் முறை வைத்து வலை போடும் 'பாடு', 1970-இல் ஓடத் தொடங்கி 2017-இல் நின்றுபோன அனல்மின் நிலையம், அதன் சாம்பல், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு ஊருக்குள் வந்த எண்ணெய் என்று நோட்டு ஏழாகிவிட்டது. அச்சுப் புத்தகம் என்றால் காசு அதிகம், ஐம்பது பேருக்கு மேல் போகாது. பேரப்பிள்ளைகள் போனில்தான் படிக்கிறார்கள். அதனால் மின்னூல்.

ஒரு மின்னூல் உள்ளே எப்படி இருக்கும் என்று அவருக்குத் திறந்து காட்டினேன். 'ஈபப்' என்று முடியும் மின்னூல் கோப்பு என்பது உண்மையில் ஒரு ஜிப் மூட்டைதான். பெயரின் கடைசியில் 'ஜிப்' என்று மாற்றிப் பிரித்தால், உள்ளே வரிசையாக இணையப் பக்கங்கள். அத்தியாயத்துக்கு ஒன்று, அலங்காரத்துக்கு ஒரு தாள், பொருளடக்கத்துக்கு ஒன்று. பக்கங்கள் எழுதப்பட்டிருப்பது எச்.டி.எம்.எல். மொழியில். ஒவ்வொரு பத்திக்கும் முன்னும் பின்னும் கோண அடைப்புக்குறிகள், அவற்றுக்குள் ஆங்கில எழுத்துகள், நடுவில் எங்கோ நம் தமிழ்.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உற்றுப் பார்த்தார்.

"இன்னா தம்பி இது? முள்ளுதான் தெரியுது, மீன் எங்க?"

சிரித்துவிட்டேன். ஆனால் அவரைக் கோடு தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். வேலையின் கடைசிப் பத்து வருஷம் அவர் சி.என்.சி. மெஷினில் இருந்தவர். அந்த மெஷின் ஓடுவதே ஜி-கோடில்தான். அவரே சொன்னார்: "ஜி சீரோ ஒன் போட்டா டூல் நேரா போவும். ஜி சீரோ டூ போட்டா வளைஞ்சி போவும். நான் பாக்காத கோடா? ஆனா கட்டிங்குக்கு முன்னாடி ஸ்கிரீன்ல ஓட்டிப் பாக்காம எவனும் பட்டனை அமுக்க மாட்டான். டூல் போய் ஜாபுல இடிச்சா யாரு பதில் சொல்றது?"

இவ்வளவுதான் விஷயம். கோடு படிக்கத் தெரிந்தவருக்கும் கடைசியில் கண்ணால் பார்த்தால்தான் நிம்மதி. எழுத்தில் இது இன்னும் அதிகம். எழுதுவதில் பாதி வேலை, எழுதியதைத் திரும்பப் படிப்பது. அடுத்தடுத்த இரண்டு வரியில் ஒரே சொல் வந்துவிட்டதா, பத்தி நீண்டு மூச்சு முட்டுகிறதா, வலி மிகும் இடத்தில் ஒற்று விட்டுப்போயிற்றா என்பதெல்லாம் படிக்கிறவர் பார்ப்பது போலவே பக்கத்தைப் பார்த்தால்தான் கண்ணில் படும். வரிக்கு வரி அடைப்புக்குறி நின்றால் கண் தடுக்கி விழுகிறது. வாக்கியத்தின் ஓசை காதில் விழுவதில்லை.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு இது புரியவே புரியாது. போனில் ஒரு தமிழ்ச் சொல்லைக் கோடு போட்டுத் தடிமனாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ் விசைப்பலகையிலிருந்து குறியீட்டுப் பலகைக்குப் போய் கோண அடைப்பைப் போட வேண்டும். பிறகு ஆங்கிலப் பலகையில் ஓர் எழுத்து. மறுபடி குறியீடு. மறுபடி தமிழ். சொல்லை அடித்த பிறகு, மூடுவதற்கு இதே சுற்று இன்னொரு முறை. ஒரே ஒரு சொல்லுக்கு எட்டு முறை பலகை மாற வேண்டும்! அதற்குள் அடுத்த வாக்கியம் மனசைவிட்டுப் போயிருக்கும். கணினியில் கோடு எழுதும் செயலிகளோ எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. நம் 'ணௌ'வும் 'ட'வும் ஒரே அகலப் பெட்டியில் அடங்குமா? எழுத்துகள் நெருக்கியடித்து நிற்கும், கர்சர் ஓரிடத்தில் காட்டிவிட்டு வேறிடத்தில் அழிக்கும்.

இது இன்றைக்கு வந்த பிரச்னையும் இல்லை. ஈய எழுத்துக் காலத்தில் அச்சகத்தில் கம்போசிட்டர் என்று ஒருவர் இருப்பார். கண்ணாடியில் பார்த்தது போல் திரும்பியிருக்கும் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோப்பார். வடசென்னைக்குப் பக்கத்தில் வேப்பேரியிலேயே இந்தத் தொழில் 18-ஆம் நூற்றாண்டில் நடந்திருக்கிறது. 1761-இல் புதுச்சேரியிலிருந்து ஆங்கிலேயர் எடுத்து வந்த அச்சுப்பொறி, ஃபபிரீசியஸ் பாதிரியாரின் பொறுப்பில் அங்கேதான் ஓடியது. அன்று முதல் எந்த எழுத்தாளரும் திரும்பிய எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. கம்போசிட்டர் கோத்ததை மையிட்டுத் தாளில் ஒற்றி 'புரூஃப்' அனுப்புவார்கள். எழுத்தாளர் பார்ப்பது, திருத்துவது எல்லாம் அந்தத் தாளில்தான். இன்றைய மொழியில் சொன்னால் அது காட்சித் திருத்தம். மின்னூல் வந்ததும் கம்போசிட்டரின் நாற்காலி காலியாகிவிட்டது. சம்பளம் இல்லாமல் அந்த வேலை எழுத்தாளர் மடியில் வந்து விழுந்திருக்கிறது.

திரையில் தெரிவதே தாளிலும் வரவேண்டும் என்ற எண்ணத்தில் 1974-இல் ஒரு செயலி செய்தார்கள். பெயர் பிராவோ. செய்த இடம் அமெரிக்காவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். (ஆமாம், நம் தெருமுனை 'ஜெராக்ஸ்' கடைக்குப் பெயர் கொடுத்த அதே ஜெராக்ஸ்.) அதைச் செய்தவர்களில் ஒருவரான சார்லஸ் சிமோனிதான் பிறகு மைக்ரோசாஃப்டுக்குப் போய் வேர்டு செயலிக்கு அடித்தளம் போட்டார். இதைவிட எனக்குப் பிடித்த தகவல் ஒன்று இருக்கிறது. இணையப் பக்கத்தையும் எச்.டி.எம்.எல்.லையும் உண்டாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ 1990-இல் எழுதிய முதல் உலாவி, பக்கத்தைப் படிக்க மட்டுமல்ல, பார்த்துக்கொண்டே திருத்தவும் செய்யப்பட்டது. எச்.டி.எம்.எல்.லை உண்டாக்கியவரே அதன் அடைப்புக்குறிகளை ஆட்கள் கையால் அடிக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. நாம் ஏன் குற்ற உணர்ச்சியோடு இருக்க வேண்டும்?

தமிழ் மின்னூல் உலகிலும் இதே கதைதான். 2013-இல் தன்னார்வலர்கள் தொடங்கிய ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில், எழுத்தாளர்கள் பகிரச் சம்மதித்த புத்தகங்களை மின்னூலாக்கி இலவசமாகத் தருகிறார்கள். ஆரம்பத்தில் அவர்கள் கையில் எடுத்த கருவிகளில் ஒன்று பிரஸ்புக்ஸ். அது வேர்டுபிரஸ் மேல் கட்டியது. வலைப்பூ எழுதத் தெரிந்தவருக்குப் புத்தகம் செய்யவும் தெரியும், அவ்வளவு எளிது. 2016 டிசம்பரில் அமேசான் கிண்டிலில் தமிழ் வந்தபோதும், எழுத்தாளர்கள் பலர் வேர்டு கோப்போடுதான் போனார்கள்.

இதுவரை ஒரு பக்கம். இனி மறுபக்கம், ஏனென்றால் கோடு பிடித்தவர்கள் பேசுவதிலும் நியாயம் இருக்கிறது.

சிஜில் என்று ஓர் இலவச மின்னூல் செயலி உண்டு. 2009-இலிருந்து இருக்கிறது. அதில் 'புக் வியூ' என்று ஒரு பார்வை இருந்தது. பக்கத்தைப் பக்கமாகவே பார்த்துத் திருத்தலாம். 2019-இல் அதை எடுத்துவிட்டார்கள். எழுத்தாளர்கள் பலருக்கு வருத்தம். எடுத்ததற்குக் காரணம் இருந்தது. அந்தப் பார்வையில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினால்கூட, பின்னால் இருக்கும் கோடைச் செயலி தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதிவிடும். கடைசியில் பார்த்துத் திருத்தும் வேலைக்கு 'பேஜ் எடிட்' என்று தனியாக ஒரு செயலி கொடுத்தார்கள். இன்னொரு பிரபலமான செயலி காலிபர். செய்தவர் இந்தியரான கோவிட் கோயல். (பாவம், வைரஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பே வைத்த பெயர்.) அதன் திருத்தியில் இடது பக்கம் கோடு, வலது பக்கம் உடனுக்குடன் பக்கத்தின் தோற்றம். லேத் பெரியவர் சொன்ன சிமுலேஷன் மாதிரியே.

ஆனால் 'கண்ணுக்குத் தெரிவதை நம்பாதே' என்று தமிழர்களுக்கு யாரும் தனியாகச் சொல்லத் தேவையில்லை. நாம் சூடு பட்டவர்கள்.

பெரியவர் சில வருஷம் முன்பு முதல் மூன்று நோட்டுகளை ஒரு டி.டி.பி. கடையில் கொடுத்துத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுவந்தார். கூடவே அச்செடுத்த தாள். தாளில் எழுத்து முத்து முத்தாக இருந்தது. கோப்பைப் போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக ஒரே கூழ். வேறொன்றுமில்லை, பாமினி எழுத்துரு. யூனிகோடு பரவுவதற்கு முந்தைய காலத்து உபாயம் அது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்திருப்பார்கள். பாமினியில் 'க்' மேல் இருக்கும் புள்ளி, உள்ளே ஆங்கில அரைப்புள்ளியாகத்தான் பதிவாகியிருக்கும். அந்த எழுத்துரு இருக்கிற கணினியில் அது தமிழ். இல்லாத போனில் உளறல்.

கொம்பு விஷயமும் அப்படித்தான். 'கெ' எழுதும்போது கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. தமிழ்த் தட்டச்சுப்பொறியில் கொம்பை முதலில் அடித்துப் பிறகு 'க' அடிப்பார்கள். பழைய எழுத்துருக்களும் கண்ணுக்குத் தெரிந்த அதே வரிசையில் சேமித்தன. யூனிகோடு நாம் உச்சரிக்கும் வரிசையில் சேமிக்கிறது. முதலில் 'க', பிறகு எகரக் குறி. மாற்றும்போது வரிசை பிசகினால், கொம்புக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் வந்து நிற்கும். பழைய மின்னூல்களில் அந்த வட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தன்னார்வலர்கள் சங்க நூல்கள் உள்பட எத்தனையோ நூல்களைத் தட்டெழுதி ஏற்றினார்கள். முதலில் திஸ்கி முறையில் இருந்தவற்றை யூனிகோடுக்கு மாற்ற இரண்டாம் முறை உழைக்க வேண்டியிருந்தது. தமிழ்நாடு அரசு யூனிகோடை அதிகாரபூர்வமாக ஏற்றது 2010-இல். அதற்கு முன் டி.டி.பி.யில் வந்த புத்தகங்கள் எத்தனையோ இன்னும் பழைய எழுத்துருவிலேயே பூட்டிக் கிடக்கின்றன. எழுதியவர் போய்விட்டால், சாவி தெரிந்தவரும் போய்விடுவார்.

யூனிகோடிலேயே எழுதினாலும் கண் ஏமாறும் இடங்கள் உண்டு. 'ஔவையார்' என்று முதல் எழுத்தை ஔகாரமாகவே அடிக்கலாம். 'ஒ' அடித்துப் பக்கத்தில் 'ள' போட்டும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் ஒன்றைக் கொடுத்துத் தேடினால் மற்றது அகப்படாது. துணைக்காலுக்குப் பதில் 'ர' போடுவதும் இதே ரகம். மின்னூலின் பெரிய வசதியே தேடல்தான். அது போனால் பாதி பயன் போயிற்று.

அப்படியானால் கோடு படிக்கத்தான் வேண்டுமா? வேண்டாம். பார்த்துத்தான் எழுதுங்கள். ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அத்தியாயத் தலைப்பு வந்தால் நாம் என்ன செய்கிறோம்? எழுத்தைப் பெரிதாக்கி, தடிமனாக்கி, ஸ்பேஸ் பாரை இருபது முறை தட்டி நடுவுக்குக் கொண்டுவருகிறோம். பார்க்கத் தலைப்பு போலவே இருக்கும். ஆனால் மின்னூல் செயலிக்கு அது தலைப்பு இல்லை, உடம்பு பெருத்த ஒரு பத்தி. பொருளடக்கத்தில் வராது. பதிலாக அந்த வரியைத் தொட்டு, 'ஸ்டைல்' பட்டியலில் 'ஹெடிங் 1' என்று தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான். பின்னால் போட வேண்டிய முள்ளையெல்லாம் செயலியே சரியாகப் போட்டுக்கொள்ளும். புது அத்தியாயம் புதுப் பக்கத்தில் வரவேண்டும் என்றால் எண்டரைத் தட்டிக்கொண்டே போகாதீர்கள், 'பேஜ் பிரேக்' கொடுங்கள்.

இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அச்சுப் புத்தகத்தில் பக்கம் உங்களுடையது. மின்னூலில் அது படிக்கிறவருடையது. எழுபது வயதுக்காரர் எழுத்தை மூன்று மடங்கு பெரிதாக்கிப் படிப்பார். பேரன் இரவில் கறுப்புத் திரையில் படிப்பான். நீங்கள் இருபது ஸ்பேஸ் போட்டு அழகாக நடுவில் நிறுத்திய தலைப்பு அவர் போனில் இரண்டு வரியாக உடைந்து மூலையில் போய்த் தொங்கும். கவிதை எழுதுகிறவர்கள் இதில் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். ஸ்பேஸ் வைத்துப் படிக்கட்டு மாதிரி இறக்கிய வரிகள் பெரிய எழுத்தில் நிச்சயம் சரியும். (சாய்வெழுத்தும் தமிழுக்கு அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் கட்சி. நம் எழுத்துகளின் வளைவே போதும்.)

கருவிக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். லிப்ரே ஆபீஸ் 6.0 பதிப்பு 2018-இல் வந்ததிலிருந்து, அதன் ரைட்டர் செயலி நேராக ஈபப் கோப்பாகவே கொடுக்கும். கூகுள் டாக்ஸில் 2016-இலிருந்தே இந்த வசதி இருக்கிறது. கணினி உலாவியில் திறந்து, 'ஃபைல்' பட்டியலில் 'டவுன்லோடு', அதில் ஈபப். போனிலேயே எழுதுகிறவர்கள் டாக்ஸில் எழுதிவிட்டு, இந்தக் கடைசிப் படிக்கு மட்டும் பிள்ளைகளின் கணினியையோ பிரவுசிங் சென்டரையோ நாடலாம். பழைய எழுத்துருக் கோப்பு இருந்தால் யூனிகோடுக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் நிறைய இருக்கின்றன. மாற்றிய பிறகு ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். அச்செடுத்த தாளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஒப்பிட அதுதான் கை கொடுக்கும்.

பெரியவருக்கு அப்படித்தான் செய்தோம். மாற்றிய கோப்பை டாக்ஸில் ஏற்றி, தலைப்புகளை அவரே ஒவ்வொன்றாகத் தொட்டு 'ஹெடிங் 1' ஆக்கினார். முதல் நாள் நான்கு, மறுநாள் மீதி. மற்ற நான்கு நோட்டுகளைக் குரல் தட்டச்சில் பேசி ஏற்றிக்கொண்டிருக்கிறார். 'பாடு' என்று சொன்னால் போன் சில சமயம் 'பாட்டு' என்று எழுதிவிடுகிறது. அதைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்கிறார்.

உங்கள் மின்னூல் தயாரானதும் வெளியிடும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். கோப்பை இரண்டு வேறு போன்களில் திறந்து, எழுத்தை ஒரு முறை ரொம்பப் பெரிதாக்கி, ஒரு முறை ரொம்பச் சின்னதாக்கிப் பாருங்கள். பொருளடக்கத்தைத் தொட்டால் அத்தியாயத்துக்குப் போகிறதா என்று பாருங்கள். பிறகு தேடல் கட்டத்தில் உங்கள் புத்தகத்தில் அடிக்கடி வரும் ஒரு பெயரை அடியுங்கள். பத்து இடத்தில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்த பெயர் ஏழு இடத்தில் மட்டும் அகப்பட்டால், அந்த மூன்றையும் தேடிப் பிடித்து அழித்துவிட்டு மறுபடி அடியுங்கள்.